மொட்டைப் பனை இல்லாத படங்கள்

1

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி தேசிங்கின் பெண்டாட்டி புவனா மேல் எனக்கு அடிவயிறு பற்றி எரிகிற பொறாமை. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் முதியோர் இல்லத்து நர்ஸாக இருக்கிற, சொந்த வீடும் காரும் உள்ள நாற்பத்திரண்டு வயசுக்காரி, பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு விற்கிற ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புவனா படம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு லைட்ஹவுஸ் மேலே ஏறிவிடுவாள். மேற்கே ஏரி, கிழக்கே கடல், நடுவில் பாவாடை நாடா அகலத்துக்கு எங்கள் மணல். பசியாவரம் தீவுக்குப் போகிற படகு, மணலில் விரித்த வலை, கருவாடு காய்கிற பாய், எல்லாவற்றையும் போனில் எடுத்துத் தன் பேஜில் போடுகிறாள். எங்கெங்கிருந்தோ ஆயிரக்கணக்கான பேர் வந்து ஆஹா ஓஹோ என்கிறார்கள்.

அதுகூடப் போகட்டும். போன மாதம் ஒரு நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயசு மகள் தர்ஷினி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, புவனா அத்தை புதுசு போட்டிருக்காங்க."

படத்துக்குக் கீழே புவனா எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஆரம்பித்தாள். "இன்... னிக்கு... ஏரி... செவப்பு."

என் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. ஆறு வருஷம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வா என்று கெஞ்சினேன், மிரட்டினேன், பீட்சா வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரு 'அ' எழுதவில்லை இந்த மகராசி. இப்போது அத்தை எழுதுவதைப் படிக்க வேண்டும் என்று தானாகவே கற்றுக்கொண்டாளாம். பெற்றவள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் ரொட்டியைத் தின்னாமல் வேலைக்குப் போனேன்.

"ஆர் யூ ஜெலஸ், மா?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. காதில் விழாத மாதிரி கதவைச் சாத்தினேன்.

2

இங்கே அயர்லாந்தில் எங்கள் ஊரிலும் மேலேயிருந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது. குன்றின் மேல் கார் நிறுத்த இடம், ஒரு மரப்பெஞ்சு, எந்தத் தீவு எது என்று படம் போட்ட பலகை. கீழே வளைகுடா, கல் சுவர் வைத்துப் பிரித்த பச்சை வயல்கள். அந்த ஓரத்தில் எங்கள் வீடும் தெரியும். ஒரே அச்சாகப் பதினாலு சாம்பல் கூரை. அதில் எங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, வாசலில் நிற்கிற சிவப்புக் காரைத் தேட வேண்டும்.

புவனா பேஜ் ஆரம்பித்த மூன்றாம் மாதம் நான் நல்ல கேமராவும் முக்காலியும் வாங்கினேன். அவளுக்குப் போட்டியாகத்தான், வேறென்ன? லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே போவேன். காற்று முக்காலியைத் தள்ளும், மழை லென்ஸில் துப்பும். தர்ஷினி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். விரல் விறைத்து எடுத்த படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டால், தம்பி ஒரு கட்டைவிரல் காட்டுவான். அம்மா போன் பண்ணுவாள்.

"இன்னாடி இது, இம்மாம் பெரிய கடல்ல ஒரு போட்டு கூட காணோம்? மீனு இல்லாத கடலா?"

"இன்னிக்கு லீவும்மா."

"லீவுன்னா கரையில வல காயணுமே. அதுவும் இல்ல."

அம்மா படம் பார்ப்பது இப்படித்தான். வானத்து நிறமெல்லாம் அவள் கண்ணில் படாது. காற்று எந்தப் பக்கம், அலை எங்கே உடைகிறது, யார் போட்டு எங்கே நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் குப்பத்தில் எல்லாருமே அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆனால் புவனாவின் படத்தை மட்டும் "என் மருமவ மேலேந்து எடுத்தது" என்று தெருவெல்லாம் காட்டுகிறாளாம். என் மருமவ! நான் அனுப்பிய பிரஷர் பார்க்கிற மிஷினை ஒருத்தருக்காவது காட்டியிருப்பாளா? அதன்மேல் டிவி ரிமோட்டை வைத்திருக்கிறாள். வீடியோ காலில் நானே பார்த்தேன்.

புவனா தோணிரேவுக்காரி. ஏரிக்கரை. முழங்கால் தண்ணீரில் வலை போடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கல்யாணத்தன்றே நான் சொன்னேன். அவள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

3

இங்கே குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோது பிறந்த வீட்டு முகவரி கேட்டார்கள். மொட்டைப் பனை வீடு, லைட்ஹவுஸ் குப்பம் என்று எழுதினேன். கதவு எண் எங்கே என்று திரும்பி வந்தது. போன் பண்ணி, எங்கள் வீட்டுக்கு எண் கிடையாது, பக்கத்தில் தலையில்லாத ஒரு பனைமரம் உண்டு, அதுதான் அடையாளம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அந்தப் பக்கம் இருந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு, மரத்துக்கு என்ன வியாதி என்று அக்கறையாக விசாரித்தாள். வியாதியில்லை தாயே, இடி விழுந்தது என்றேன். பாவம், வருத்தம் தெரிவித்தாள்.

அந்த மொட்டைப் பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அடியில் பாறைத்திட்டு இருக்கும், மீன் அண்டுகிற இடம். அதைப் பார் என்போம். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். கரையில் இருக்கிற அடையாளங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் நைனா கண்டுபிடித்து வைத்திருந்த பாருக்கு இரண்டு அடையாளம். கடலிலிருந்து பார்க்கும்போது மொட்டைப் பனைக்கு நேர் பின்னால் லைட்ஹவுஸ் வந்து நிற்க வேண்டும். அதே நேரம், வடக்கே அம்மன் கோயில் கோபுரமும் பழைய தண்ணீர் டேங்கும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் போட்டுக்கு அடியில் பார்.

இப்போது எல்லார் கையிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. இருந்தென்ன? எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தானே அது வழி காட்டும். அடுத்தவன் பாரைக் கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை, கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பன் பிள்ளைக்குச் சொல்வான். நைனா தேசிங்குக்குச் சொன்னார்.

எனக்குச் சொல்லவில்லை. எங்கே மீன் பிடிக்கிறாய் நைனா என்று ஒருமுறை கேட்டதற்கு, "வேற வூட்டுக்குப் போற புள்ள, ஒனக்கு எதுக்கு அது?" என்று முடித்துவிட்டார். என்னைவிட நாலு வயசு சின்னவன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவன், அவனுக்குச் சொன்னார். போட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். இந்தப் பக்கம் நான் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

இருபத்தாறு வருஷம் அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சென்னையில் நர்சிங் படித்தபோது சொல்லவில்லை, கட்டிக்கொண்டு பிரிந்த புருஷனுக்குச் சொல்லவில்லை. நைனா செத்ததற்கு இங்கிருந்து போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர் எனக்குக் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்ட சொத்து அது ஒன்றுதான்.

தேசிங்கு அந்தப் பாருக்கு அடிக்கடி போக மாட்டான். நாள் கணக்காக வலை வெறுமையாக வந்து, டீசல் காசுக்கும் வழியில்லை என்கிற போதுதான் போவான். எதிரே ஒரு போட்டு தெரிந்தால்கூட வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஒரு வகையில் அதுதான் அந்த வீட்டின் அரிசிப் பானை.

4

புவனா எங்கள் குப்பத்தையே எடுத்துப் போட்டிருக்கிறாள். கோயில், ஏலக் கொட்டகை, ஸ்கூல், எவன் வீட்டு மாடியிலோ காய்கிற லுங்கி, எல்லாம் இருக்கிறது. எங்கள் வீடு மட்டும் இல்லை. ஒரு படத்தில்கூட இல்லை. கடற்கரை வரிசையாக வந்துகொண்டே இருக்கும், எங்கள் வீடு வருவதற்கு ஒரு சாண் முன்னால் படம் முடிந்துவிடும். அடுத்த படம் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மொட்டைப் பனையின் நிழல்கூட இருக்காது.

நானோ லைட்ஹவுஸ் மேல் ஏறினதே இல்லை. சின்ன வயசில் விடவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போனபோது ஆசையாகப் போய் நின்றேன், பெயின்ட் வேலை நடக்கிறது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆக, நான் பிறந்த வீடு மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காட்டக்கூடியவள் ஒருத்திதான்.

ஒருமுறை கேட்டேன். மானத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"ஏம்மா புவனா, நம்ம வூட்ட ஒரு படம் எடுத்துப் போடக்கூடாதா?"

"அந்தப் பக்கம் வெளிச்சம் சரியா வுழ மாட்டேங்குது அண்ணி."

"ஊருக்கெல்லாம் வுழுற வெளிச்சம் நம்ம வூட்டுக்கு மட்டும் வுழாதா?"

"பாக்கறேன் அண்ணி" என்று சிரித்தாள். அதே பாயசச் சிரிப்பு.

அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "ஒன் மருமவ வேணும்னே வெட்டறா. நான் பொறந்த வூடுன்னு வெட்டறா." அம்மா, "எனக்கு இன்னாடி தெரியும், வயசான காலத்துல" என்று நழுவினாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். புவனா மேலேயிருந்து புதுசாக ஒரு கடல் படம் போட்டிருந்தாள். சாய்ந்த வெயிலில் தண்ணீர் வெண்கலப் பாத்திரம் தேய்த்து வைத்தது போல இருந்தது. நல்ல படம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். இடது ஓரத்தில் வழக்கம் போல எங்கள் வீட்டுக்கு ஒரு சாண் முன்னால் வெட்டு.

கீழே யாரோ ஒருவர், எங்கள் பக்கத்துக்காரர்தான், எழுதியிருந்தார். "கடலைத் தெரிந்த கண்ணும்மா உன்னுது."

கடலைத் தெரிந்த கண்! தோணிரேவுக்காரிக்கு! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுதினேன். இப்போது அந்த வரிகளைத் திரும்பச் சொல்லக் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

"படத்துக்கு இடது பக்கம் வேணும்னே வெட்டின இடத்துலதான் எங்க நைனாவோட மொட்டப் பனை இருக்கு. பனைக்குப் பின்னால லைட்ஹவுசு நேரா வரணும், வடக்க அம்மன் கோபுரம் தண்ணி டேங்கோட ஒட்டணும். அங்க வல போட்டுப் பாருங்க, தெரியும். அது எங்க நைனா பாரு. நான் அவரு மூத்த பொண்ணு. கடல தெரிஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சி பேசுங்க."

அனுப்பியதும் மனசு அப்படியொரு குளுமை. மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துவிட்டு, நாலாம் நம்பர் தாத்தாவைக் குளிப்பாட்டப் போனேன். அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் என் வரிக்கு நிறையப் பேர் லைக் போட்டிருந்தார்கள். புவனாவுக்கு விழுந்த மாதிரியே எனக்கும்! தர்ஷினியிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

என்ன செய்தேன் என்று எனக்கு உறைக்கவேயில்லை. ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிட்டால், படம் பார்க்கிறவர்கள் எல்லாரும் சும்மா படம் பார்க்கிறவர்கள்தான் என்று நினைப்பு வந்துவிடுகிறது. என் அம்மா எப்படிப் படம் பார்ப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

6

மறுநாள் காலை எட்டு மணிக்கு தேசிங்கு கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுகிறவன் இல்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"யக்கா, நைனா எனக்குச் சொல்லும்போது நீ எங்க இருந்த?"

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நேற்று எழுதிய வரி கண் முன்னால் வந்தது.

"போட்டுக்கு இந்தப் பக்கம். நெத்திலி காயவச்சினு இருந்தேன்."

"கேட்டுனு இருந்தியா?"

"ஆமாண்டா."

"இத்தினி வருசம் வாய் தொறக்காம இருந்தியே யக்கா. இப்போ இன்னா வந்துச்சி ஒனக்கு?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. வெயில் காலத்தில் நடந்து வந்தவன் தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டான்.

அன்றைக்கு லைட்ஹவுஸிலிருந்து இறங்கி வந்ததும் புவனா கருவாடு பிரிக்க உட்கார்ந்துவிட்டாளாம், போனைப் பார்க்கவில்லை. விடிகாலையில் பார்த்து என் வரியை அழித்திருக்கிறாள். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்துப் போட, நாலு குப்பத்து குரூப்பிலும் சுற்றிவிட்டது. விடிவதற்கு முன்பே போட்டுகள் போய்விட்டன. இரண்டு நாளாக வலை சும்மா வந்ததால் தேசிங்கும் அன்று பாருக்குத்தான் கிளம்பியிருக்கிறான். போய்ப் பார்த்தால் நிற்க இடம் இல்லை. ஒருத்தன் வலைமேல் ஒருத்தன் வலை. பாறையில் மாட்டிக் கிழித்துக்கொண்டு, கிழிந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கிழிந்த வலை பாரைப் போர்த்திக்கொண்டால் மீன் அந்தப் பக்கம் வராது. இதை உங்களுக்குச் சொல்கிற எனக்குத் தெரியாதா?

"எவன கேக்க முடியும்? கேட்டா, ஒங்க அக்காதான வல போட்டுப் பாருங்கன்னு கூப்ட்டாங்கன்றான்" என்றான் தேசிங்கு.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "வுட்றா. அவ அங்க தனியா கீறா."

அந்த வார்த்தை அவனுக்கு ஆறுதலாகச் சொன்னது. எனக்குத்தான் செருப்படி. ஸாரிடா என்றேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது. "வேலைக்குப் போ யக்கா, நேரமாவுது" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புவனாவின் குரல் பதிவு வந்தது. திட்டத்தான் போகிறாள், திட்டட்டும் என்று நினைத்துக் கேட்டேன்.

"அண்ணி, நல்லாகீறீங்களா? சாப்ட்டீங்களா? நான் மொத வாட்டி மேல ஏறினப்போ, அவுரு போட்டு நம்ம மொட்டப் பனைக்கு நேரா, தூரத்துல தனியா நிக்கறத பாத்தேன். இன்னொரு நாளும் அங்கியே நின்னுச்சி. அவுரு எங்கிட்ட சொன்னதில்ல, நானும் கேக்கல. ஆனா பனைய எடுத்தா கைய நீட்டி காட்டின மாதிரி ஆயிடும்னு அன்னிலேந்து எடுக்கறதில்ல. வூடு பனைய ஒட்டி கீதா, அதனால வூடும் வராம போச்சி. ஒங்களுக்கு மனசு கஷ்டம்னு தெரியும் அண்ணி. காரணத்த சொன்னா பார சொன்ன மாதிரி ஆயிடுமே, அதான் வெளிச்சம் வுழலன்னு பொய் சொன்னேன். இனிமே மறைக்க இன்னா கீது? நீங்க கேட்ட படம் அனுப்பிகீறேன்."

மூன்று முறை கேட்டேன். திட்டுகிற இடம் எங்காவது வருமா என்று தேடினேன், வரவில்லை. நைனா சொல்லாததை நான் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் மேலே நின்று தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டு, கட்டிய புருஷனிடம்கூடக் காட்டிக்கொள்ளாமல் காவல் காத்திருக்கிறாள். அந்தக் கமென்ட் போட்ட ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வேறெப்படிச் சொல்ல?

தர்ஷினி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். படத்தைத் திறந்தேன்.

எங்கள் வீடு. நான் நினைத்ததைவிடச் சின்னது. ஓட்டின் மேல் ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. வாசலில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், ஒரு புள்ளிதான், ஆனால் அம்மாதான். பக்கத்தில் மொட்டைப் பனை. பனைக்கு நேர் மேலே, தூரத்தில், கடல் மேல் கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி போட்டுகள்.

"வாவ்! எவ்ளோ போட்மா! இது உங்க வீடா? அழகா இருக்கு" என்றாள் தர்ஷினி. இத்தனை வருஷத்தில் அவள் என் வீட்டை அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மாமா போட் எது?" என்று கேட்டாள்.

எனக்கும் அதுதான் தேவை. பச்சை போட்டு, மஞ்சள் கோடு. நைனா வைத்த நிறம், தம்பி மாற்றவேயில்லை. போனைப் பெரிதாக்கி ஒவ்வொரு கடுகாகத் தேடினேன். கண் கரித்தது. பாருக்கு மேலே இல்லை. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இல்லை.

தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். அவள் விரல் கடலை விட்டுக் கீழே இறங்கி, அம்மாவின் பக்கத்தில், வீட்டு வாசல் மணலில் ஏற்றிக் கிடந்த பச்சை போட்டின் மேல் போய் நின்றது.